ஒசிந்த (2 புள்ளி)

வினா பதினொன்று, ஈ:
'ஒசிந்த' என்பதைப் பொருள் விளங்க வசனத்தில் அமைக்குக.

மண்டபத்தில் ஒன்பது மின்விசிறி, ஓடுவது நாலு.
சுண்டிக்குளியில் காலையிலிருந்தே மழை.
ஜன்னலோர மேசைக்காரருக்கு
தாள் பறக்காமல் ஆளுக்கொரு செங்கல் தந்திருந்தார்கள்.

பாதிப் பேர் ஓசியைப் பிடித்துக்கொண்டார்கள்.
'ஒசிந்த ரிக்கெற்றில் படம் பார்த்தோம்.'
'மாமா கனடாவிலிருந்து ஒசிந்த சப்பாத்து அனுப்பினார்.'
ஒருத்தி, கையெழுத்து முத்துமுத்தாக,
'ஒசிந்த பொருளின் அருமை ஒருவருக்கும் தெரியாது.'
பொருள் பிழை. நீதி சரி.
சைபர் போட்டேன், சிவப்பில், கொஞ்சம் சின்னதாக.

இன்னொருவனுக்கு முருங்கை:
'காற்றில் ஒசிந்த முருங்கைக் கொப்பு.'
பக்கத்து மேசை அமலதாஸ் எட்டிப் பார்த்தார்.
"முருங்கை எங்க ஒசியிறது? அது சொல்லாமல் முறியும்.
போன கிழமை என்ர மோட்டார் சைக்கிளுக்கு மேல முறிஞ்சது."

அகராதியைப் புரட்டினோம்.
ஒசிதல்: வளைதல்.
அதற்கு அடுத்தது, முறிதல்.
அதற்கும் அடுத்தது, சோர்தல்.
மூன்றும் ஒரே வரியில்,
இடையிடையே ஓர் அரைப்புள்ளி மட்டும்.
அமலதாஸ் முறிதலில் விரலை வைத்தார்.
நான் வளைதலில்.
புள்ளித் திட்டமோ கொடி, கிளை, நாணல், இடை என்றதோடு
வாயை மூடிக்கொண்டது.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வந்தது அந்தத் தாள்.
சுட்டெண் மட்டும்; கடைசி இலக்கம் ஏழோ ஒன்றோ.
'லீசிங் காசுக்கு வந்தவர்களிடம்
அப்பா வீட்டில் இல்லை என்று
அம்மா ஒசிந்த குரலில் சொன்னார்.'

அப்பா உள்ளேதான் இருந்திருப்பார்,
வாசலில் கிடந்த செருப்பையும் எடுத்துக்கொண்டு.
பிள்ளை மேசையில் இருந்து படித்திருக்கும்,
அல்லது படிப்பதுபோல.
இதெல்லாம் வசனத்தில் இல்லை, நான் சேர்த்தது.
வசனத்தில் இருப்பது ஒரு குரல், அதற்கு முன்னால் ஓர் அடை.
வளைந்ததா, முறிந்ததா, களைத்ததா?
தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன்,
ஐயாயிரம் ரூபாத் தாளைப் பிடிப்பதுபோல.
முதலில் 'நடுங்கிய' என்று எழுதி
வெட்டியிருந்தது.

இரண்டு போட்டேன்.

பிரதம பரீட்சகர் கிருபைராணி மிஸ்
பச்சைப் பேனையோடு வந்தா.
"குரல் ஒசியுமோ தங்கச்சி? திட்டத்தில இல்லையே."
இரண்டை வெட்டி ஒன்று.
"அப்ப நீங்கள் ஒரு வசனம் சொல்லுங்கோ, மிஸ்."
வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அமலதாஸ் குனிந்துகொண்டார்.
அவ பேனையின் மூடியைத் தேடினா.
மேசையில் தேடினா, கதிரைக்குக் கீழே தேடினா.
அது அவவின் மற்றக் கையில் இருந்தது.
"நாளைக்குச் சொல்லுறன்."

அடுத்த நாள் வரவுப் புத்தகத்தில் ஒப்பமிட்டபோது
ஒருவருக்கும் அது ஞாபகம் இல்லை.
பத்தரைக்குத் தேத்தண்ணி வந்தது. கிருபைராணி மிஸ்
தட்டைப் பார்த்து,
"ரோல்ஸ் ஒசிஞ்செல்லோ கிடக்கு" என்றா.
மண்டபமே சிரித்தது.
பிறகு விசிறி ஒசிஞ்சுது,
அமலதாசின்ர ஹெல்மெற் ஒசிஞ்சுது,
கொழும்பிலிருந்து வரவேண்டிய படிக்காசு
மூன்று மாதமாய் ஒசிஞ்சுது.
பரீட்சையாய் இருந்தால்
எங்கள் எல்லோருக்கும் சைபர்.

பின்னேரம் கட்டுகளுக்கு நூல் சுற்றும் முன்
அந்தத் தாளை ஒருக்கால் உருவிப் பார்த்தேன்.
பச்சை ஒன்றுக்குப் பக்கத்தில்,
பச்சையிலேயே, எறும்பளவில்
ஓர் அரைப்புள்ளி.
கீழே அவவின் சுருக்கொப்பம்.

திட்டத்தில் அரைக்கு இடமில்லை.
கூட்டுத்தொகையைத் திருத்தி எழுதினேன்:
ஐம்பத்தெட்டரை.